கல்யாணப் புடவையும் பதினொரு தடைகளும்

பொதட்டூர்பேட்டை நெசவு ஊர். விசைத்தறிச் சத்தம் இல்லாத தெருவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். லுங்கியும் சேலையும் இங்கிருந்து மூட்டை மூட்டையாக வெளியே போகின்றன. ஆனால் கல்யாணப் புடவை என்று வந்துவிட்டால் நம் பக்கத்துக் குடும்பங்கள் காஞ்சிபுரத்துக்கோ ஆரணிக்கோதான் கிளம்பும். பெண், பெண்ணின் அம்மா, அத்தை, மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர், கூடவே பேரம் பேசத் தெரிந்த ஒரு பெரியம்மா. அரக்கா மாம்பழ மஞ்சளா, ஜரிகை அகலமா குறுகலா, முந்தியில் மயிலா மாங்காயா என்று ஒரு நாள் முழுக்கப் போகும். கடைக்காரர் நூறு புடவையாவது பிரித்துப் போட்டிருப்பார்.

காலனியிலிருந்து போகும் குடும்பமும் இன்று இதைத்தான் செய்கிறது. ஊரிலிருந்து போகும் குடும்பமும் இதைத்தான் செய்கிறது. கடையில் இரண்டு குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பார்ப்பதற்குச் சாதாரணக் காட்சி. ஆனால் 'எனக்குப் பிடித்த புடவை' என்று ஒரு தலித் மணப்பெண் விரலை நீட்டிக் காட்டுவதற்குப் பின்னால் அடி, தீ, வழக்கு, சட்டமன்றத் தீர்மானம் என்று ஒரு நீண்ட வரலாறு கிடக்கிறது. நம் கல்லூரிப் பாடத்தில் அது இல்லை. நான் சமூகவியல் முதுகலை படித்தபோதும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சட்டப் பிரிவு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது நமக்குத் தெரியும். 2015இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் புதிதாகச் சேர்க்கப்பட்ட குற்றங்களில் ஒன்றைப் பாருங்கள். பொது இடத்தில் பட்டியலினத்தவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்பு அணிவதைத் தடுப்பது, புத்தாடை அணிவதைத் தடுப்பது, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பது, ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது. இவை எல்லாம் ஒரே பிரிவில் அடுத்தடுத்து வருகின்றன.

புத்தாடை! 2015இல், செயற்கைக்கோள் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த பிறகு, இந்தியப் பாராளுமன்றம் உட்கார்ந்து 'புத்தாடை அணிவதைத் தடுக்காதே' என்று எழுத வேண்டியிருந்தது. சும்மா ஒரு வார்த்தையைச் சட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். எங்கோ அடித்திருக்கிறார்கள், பல இடத்தில் அடித்திருக்கிறார்கள் என்பதால்தான் அது அங்கே வந்தது. அதற்கும் 60 ஆண்டுகளுக்கு முன்பே, 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவு நகை, ஆடம்பர உடை அணிவதைத் தடுப்பதைக் குற்றம் என்று சொல்லியிருந்தது. (அந்தச் சட்டம்தான் 1976 திருத்தத்துக்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது.) 1955இல் சொன்னதை 2015இல் இன்னும் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே ஒரு செய்தி.

அந்த 1955க்கும் முன்னால் போவோம். இராமநாதபுரம், 1930 டிசம்பர்.

அந்த மாவட்டத்துக் கள்ளர் சமூகத்தவர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆதிதிராவிடர்கள் பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியை கிராப் வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு உடம்பின் மேல்பாகத்தை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின.

ஒரு தமிழ்ப் பெண்ணின் கல்யாணத்தில் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நலங்குக்கு மஞ்சள், தலை நிறையப் பூ, புது ரவிக்கை, புதுப் புடவை, ஒரு குன்றிமணிப் பொன். பட்டியலை எழுதியவர் ஒரு மணப்பெண்ணை எதிரில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னதுபோல இருக்கிறது.

எட்டு போதவில்லை. 1931இல் பதினொரு தடைகளாக அது விரிந்தது. இந்த முறை ஆதிதிராவிடர்களோடு தேவேந்திரகுல வேளாளர்களின் பெயரும் சேர்ந்தது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரின் மாட்டை மேய்க்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பயிரிடக்கூடாது, சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை, ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. பெண்கள் தண்ணீரை மண்பானையில்தான் எடுக்க வேண்டும். தலையில் வைக்கும் சும்மாடு வைக்கோலாக இருக்க வேண்டும், துணியாக இருக்கக்கூடாது.

சும்மாட்டுத் துணி வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். ஒரு பழந்துணியைச் சுருட்டித் தலையில் வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கடைசி இரண்டு தடைகளும் நேரடியாகக் கல்யாணத்தைப் பற்றியவை. கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் மேளம் முதலிய வாத்தியம் கூடாது. தாலி கட்டுவதற்கு முன் குதிரையில் ஊர்வலம் போகும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். பல்லக்குக்குப் பதிலாக வீட்டுக் கதவைக் கழற்றி அதில் உட்காரவைத்துத் தூக்கிப் போக வேண்டும். எந்தக் காரியத்துக்கும் வாகனம் கூடாது.

இந்தப் பட்டியலை நம் தோழர்கள் கூட்டங்களில் வாசிக்கும்போது பெரும்பாலும் கொடுமையின் சான்றாக மட்டுமே வாசிக்கிறார்கள். கொடுமைதான். ஆனால் இன்னொரு விதமாகவும் வாசித்துப் பாருங்கள். யாரும் செய்யாத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. 'குதிரையில் போகும் வழக்கத்தை நிறுத்து' என்றால், 1931க்கு முன்பே இராமநாதபுரத்துச் சேரி மாப்பிள்ளைகள் குதிரையில் போய்க்கொண்டிருந்தார்கள் என்று பொருள். 'நகை போடாதே' என்றால் நகை வாங்கியிருந்தார்கள். 'நிலத்தை விற்றுவிடு' என்றால் நிலம் இருந்தது. 'படிக்காதே' என்றால் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்த் திரும்பியவர்களின் காசு வீடுகளில் புழங்கத் தொடங்கிய காலம் அது. ஆதிக்க சாதியின் தடைப்பட்டியல், தான் அறியாமலே, நம் முன்னோர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பதற்கான கணக்கேடாகவும் ஆகிவிட்டது. துணி, நிலம், கூலி, பள்ளி நான்கும் ஒரே பட்டியலில் இருப்பதையும் கவனியுங்கள். 'உடை பண்பாட்டுப் பிரச்சினை, கூலி பொருளாதாரப் பிரச்சினை' என்று பிரித்துப் பேசும் இடதுசாரி நண்பர்களுக்கு இதை நான் அடிக்கடி காட்டுவதுண்டு. மிராசுதார் அப்படிப் பிரிக்கவில்லை.

இது தமிழ்நாட்டின் ஒரு மூலையில் மட்டும் நடந்ததும் இல்லை. 1928 ஜனவரியில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்த ஒரு செய்தியை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் எடுத்துக்காட்டுகிறார். இந்தூர் மாவட்டத்தில் கனாரியா, பிச்சோலி ஹப்ஸி, பிச்சோலி மர்தானா உட்படப் பல கிராமங்களின் ஆதிக்க சாதியினர் பலாய் மக்களுக்கு விதித்த நிபந்தனைகள் அவை. ஜரிகைக் கரை வைத்த தலைப்பாகை கட்டக்கூடாது. வண்ணக் கரை வேட்டி கூடாது. பெண்கள் பொன், வெள்ளி நகை போடக்கூடாது. அழகான பாவாடையும் ரவிக்கையும் போடக்கூடாது. ஆனால் இந்துக்களின் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் பலாய்கள் வாத்தியம் வாசிக்க வேண்டும்! இராமநாதபுரத்தில் 'உன் கல்யாணத்துக்கு மேளம் கூடாது', இந்தூரில் 'என் கல்யாணத்துக்கு நீ மேளம் அடி'. ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருந்த இரண்டு ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லாமல், ஒரே சட்டத்தை எழுதியிருக்கிறார்கள். கரை ஜரிகையா வெறும் நூலா என்பது வரை.

திருவிதாங்கூர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோள்சீலைக்காக நாடார் பெண்கள் நடத்திய போராட்டம் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இழுத்து, 1859இல்தான் மன்னரின் அறிவிப்பு வந்தது. அதிலும் 'உயர்சாதிப் பெண்களைப் போல அல்ல, வேறு விதமாக' மறைத்துக்கொள்ளலாம் என்ற கட்டுப்பாட்டோடு. 1915இல் கொல்லம் பக்கம் புலையர் பெண்கள் தங்கள் கழுத்தில் சாதி அடையாளமாகக் கிடந்த கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். அய்யன்காளி முன்னின்று நடத்திய கூட்டத்தில் மேடைக்குப் பக்கத்தில் கல்மாலைகள் குவிந்தன.

மகாத் மாநாட்டுக்கு வருவோம். சவுதார் குளத்தையும் மனுஸ்மிருதி எரிப்பையும் எல்லோரும் பேசுகிறோம். 1927 டிசம்பரில் அந்த எரிப்புக்குப் பின் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசிய பேச்சு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தீண்டத்தகாதவர் என்று தூரத்திலிருந்தே அடையாளம் காட்டும் உடைகளையும் கனத்த மலிவு நகைகளையும் விட்டுவிடுங்கள், மற்ற பெண்கள் கட்டுவது போலவே சேலை கட்டுங்கள் என்பதுதான் அதன் சாரம். பெண்கள் கேட்டுவிட்டுப் போகவில்லை. அங்கேயே, அப்போதே, கணுக்கால் மறையும்படி சேலையைக் கட்டிப் பழகிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

இதற்குச் சமூகவியல் வகுப்பில் 'சமஸ்கிருதமயமாக்கல்' என்று பெயர் சொல்வார்கள். எம்.என்.சீனிவாஸ் 1952இல் குடகு மக்களைப் பற்றி எழுதிய நூலிலிருந்து பரவிய சொல். கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைப் பார்த்து நகல் செய்கிறார்கள், அதன் மூலம் மேலே ஏறப் பார்க்கிறார்கள் என்பது விளக்கம். தேர்வுக்கு எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் மகாத் பெண்களுக்கும் இராமநாதபுரத்து மணப்பெண்களுக்கும் இந்தச் சொல் பொருந்தாது என்பது என் கருத்து. சேலையைக் கணுக்கால் வரை கட்டுவது பார்ப்பனரின் கண்டுபிடிப்பா? ரவிக்கை போடுவது ஒரு சாதியின் சொத்தா? பொதுவாக இருந்த ஒன்றை அடியாள் வைத்துத் தனதாக்கிக்கொண்டு, பிறகு அதை மீட்டவளைப் பார்த்து 'நகல் செய்கிறாள்' என்பது நியாயமில்லை. நகல் என்றால் அசல்காரருக்கு அது பெருமையாகத்தான் இருக்க வேண்டும். குடிசைக்கு ஏன் தீ வைக்கிறார்?

சரி, நம் பக்கம் என்ன நடந்தது?

பொதட்டூர்பேட்டையும் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதியும் கார்வேட்நகர் ஜமீனின் நிழலில் இருந்தவை. வட ஆற்காட்டில் இருந்து 1911இல் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்துக்குப் போய், எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, 1997இல் திருவள்ளூர் மாவட்டமானது. இந்த எல்லைக் கதையால் நம் கல்யாணங்களிலும் இரண்டு மொழி கலந்திருக்கிறது. பறையர், மாலா, அருந்ததியர் குடியிருப்புகளில் ஒரு வீட்டில் கூறைப் புடவை என்பார்கள், தெலுங்கு பேசும் வீட்டில் மதுபர்க்கம் என்பார்கள். கூறை என்ற பேர் மயிலாடுதுறைப் பக்கத்துக் கூறைநாட்டுக் கட்டம்போட்ட புடவையை நினைவூட்டும். மதுபர்க்கம் வெள்ளைப் பருத்தியில் சிவப்புக் கரை, மணமகளுக்கும் மணமகனுக்கும். வெள்ளை தமிழ் வீட்டில் துக்கத்தின் நிறம், பக்கத்துத் தெலுங்கு வீட்டில் முகூர்த்தத்தின் நிறம். எது மங்கலம் என்பது எவ்வளவு சிறு தூரத்தில் மாறிவிடுகிறது பாருங்கள்.

ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்ற சண்டை சென்னைப் பகுதியில் மிகப் பழையது. 1707, 1708இல் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்கு இடையே கல்யாண ஊர்வலத் தெருக்களுக்காக நடந்த மோதலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் தாமஸ் பிட்டே தலையிட்டுத் தெருக்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரைத் தடுக்கக்கூடாது என்பது அது. செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர் அவர். எந்தத் தெருவில் எந்தக் கல்யாணம் நிறுத்தப்படும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீர்மானம் போட்டுக் கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி அருகே தோக்கமூரில் தீண்டாமைச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு ஆளையும் நாம் மறந்துவிடுகிறோம். கல்யாணத் துணியை வெளுத்துக் கொடுத்தவர் யார்? ஊர் வண்ணார் சேரித் துணியைத் தொடமாட்டார். சேரிக்கென்று புதிரை வண்ணார்கள் இருந்தார்கள். தலித்துகளுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள், கண்ணில் பட்டாலே தீட்டு என்று சொல்லப்பட்டவர்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994இல் அவர்கள் வாழ்க்கையை எழுதியபோது நம்மிலேயே பலருக்கு அது கசந்தது. அவர்களுக்கென நல வாரியம் அமைந்தது 2009இல்தான். நம் பாட்டியின் கல்யாணப் புடவைக் கதையை வீரக் கதையாகச் சொல்லும்போது அதை வெளுத்த கையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நெசவிலும் நம் பங்கு உண்டு என்பது இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. முரட்டுப் பருத்தித் துணி நெய்த கோலியர் என்ற பிரிவைப் பறையர்களோடு சேர்த்து எட்கர் தர்ஸ்டன் 1909இல் வந்த தன் தொகுதிகளில் குறிப்பிடுகிறார். பின்னாளில் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் துணி நெய்தார்கள். துணியை உண்டாக்கியவர்தான், உடுத்த அனுமதி கேட்டு நின்றவரும்.

கல்யாணத் துணிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் வேதனையான பகுதி. பழைய பண்ணையாள், படியாள் முறையில் ஆண்டை வருடத்துக்கு ஒரு முறை துணி கொடுப்பார். கல்யாணம் வந்தால் செலவுக்கு முன்பணம் கொடுப்பார். நெல், தாலிக்குச் சிறு பொன், பெண்ணுக்கு ஒரு சேலை. அந்தக் கடன் ஒருநாளும் தீராது. தென்னிந்தியாவில் ஒரு இளைஞன் கொத்தடிமையாவதற்கான மிகப் பழக்கமான வாசல் அவனுடைய கல்யாணம்தான். அவளுடைய முகூர்த்தப் புடவைக்கு அவனும் அவளும் பிறக்கப்போகும் பிள்ளைகளும் உழைத்துக் கழிக்க வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது.

அதோடு முடிந்ததா? மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று வந்தது. பதின்வயதுப் பெண்களை மூன்று ஆண்டுகளுக்கு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் 'கல்யாணச் செலவுக்கு' என்று ஒரு தொகை தருவதாக ஒப்பந்தம். நடுவில் உடம்பு முடியாமல் வெளியேறினால் தொகை கைக்கு வராது. வெளியே போகக் கட்டுப்பாடு, போன் பேசக் கட்டுப்பாடு. 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இதை உலகுக்குக் காட்டியது. இந்தப் பெண்களில் தலித் பெண்கள் மிக அதிகம் என்பதையும் சொன்னது. ஆண்டை கல்யாணத்துக்குப் பிறகு கடனை உழைப்பாக வசூலித்தார். ஆலை கல்யாணத்துக்கு முன்பே உழைப்பை வாங்கிக்கொண்டது. அந்த நூலை யார் யாரோ உலகமெங்கும் உடுத்தினார்கள்.

பட்டின் பக்கமும் சுத்தமில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி ஒன்றோடொன்று கோக்கப்படும். தறிக்கு மறுபக்கம் உட்கார்ந்து நாடாவை வாங்கிப் போட ஒரு துணை ஆள் வேண்டும். அந்த இடத்தில்தான் பல காலம் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட பட்டுத் தொழில் குழந்தைக் கொத்தடிமை அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் நெசவாளி தன் மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப் புடவை நெய்ய நூல் திருடுவார். நெய்கிறவனுக்கே எட்டாத துணி அது.

நம் ஊர்க் கட்டத்துணிக்கு வெளியுலகில் ஒரு சொந்தக்காரக் கதை உண்டு, சொல்லாமல் போக மனமில்லை. 1786இல் லூசியானாவை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் மிரோ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண்கள் அலங்காரம் செய்யக்கூடாது, தலையைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? இருப்பதிலேயே அழகான துணியை எடுத்து, கிரீடம் போலக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் விரும்பி எடுத்தது கட்டம்போட்ட 'மதராஸ்' துணி, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய நெசவு. தடை உத்தரவே அலங்காரமாகிவிட்டது. அதே அமெரிக்காவில், 1953இல், பின்னாளில் குடியரசுத் தலைவரின் மனைவியான ஜாக்குலின் கென்னடியின் கல்யாண உடையைத் தைத்தவர் ஆன் லோ என்ற கறுப்பினப் பெண். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு அவருடைய பட்டறையில் தண்ணீர் புகுந்து உடை பாழாகிவிட, இரவு பகலாக உட்கார்ந்து மறுபடி தைத்துக் கொடுத்தார். நட்டம் அவர் தலையில். உலகமே அந்த உடையைப் பார்த்தது, தைத்தவர் பெயர் அப்போது பரவலாக வெளியே வரவில்லை.

இனி நமக்குள் இருக்கும் ஒரு விவாதம். ஒவ்வொரு பயிற்சி முகாமிலும் யாராவது ஒரு தோழர் எழுந்து கேட்பார்: நாம் எதற்கு இருபதாயிரம் ரூபாய்க்குப் பட்டுப் புடவை எடுக்க வேண்டும், அந்தப் பணத்தைப் படிப்புக்குக் கொடுக்கலாமே? நியாயமான கேள்வி. சுயமரியாதை இயக்கம் 1928இலிருந்தே புரோகிதரும் ஆடம்பரமும் இல்லாத கல்யாணத்தை நடத்திக் காட்டியது, 1967இல் அண்ணா ஆட்சி அதற்குச் சட்டம் செய்தது. 1942இல் நாக்பூர் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கரும் கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றுதான் சொன்னார். 1956இல் அதே நாக்பூரில் லட்சக்கணக்கானவர்கள் வெள்ளை உடுத்தி பௌத்தம் தழுவினார்கள். அதன் தொடர்ச்சியாகப் பௌத்தக் கல்யாணங்களில் மணமக்கள் வெள்ளை உடுத்துகிறார்கள். இவை எல்லாம் நம் மரபுதான், எனக்கு அவற்றில் மரியாதை உண்டு.

ஆனால் எளிமை என்பது ஒருவர் தேர்ந்துகொள்ளும்போது மட்டும்தான் எளிமை. பத்துத் தலைமுறையாகப் பட்டு உடுத்தியவர் ஒரு நாள் கதர் உடுத்தினால் அது தியாகம். பாட்டிக்கு ரவிக்கை மறுக்கப்பட்ட வீட்டில், பேத்தியிடம் போய்ப் 'பட்டு வேண்டாம்மா, எளிமையாக இரு' என்றால் அவள் காதில் அது 1931இன் குரலாகத்தான் கேட்கும். அதனால் நான் மணப்பெண்ணிடம் அதைச் சொல்வதில்லை. மைக்ரோ பைனான்ஸ் கடன் வாங்கி எடுக்காதே என்று சொல்வேன், அது வேறு பேச்சு. வட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டியும் சொல்வேன். வரதட்சணையாகப் புடவை கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டையும் போடுவேன். நிறம், ஜரிகை, விலை எல்லாம் அவள் விருப்பம். பட்டோ பருத்தியோ, கிறிஸ்தவக் குடும்பமென்றால் வெள்ளைச் சேலையும் முகத்திரையுமோ, பௌத்த வெள்ளையோ, கடைக்கு அவளைக் கூட்டிப்போய் அவள் கையைக் காட்டச் சொல்லுங்கள். பல வீடுகளில் சாதி கொடுத்த விடுதலையை ஆண்கள் இன்னும் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா தேர்ந்தெடுத்த புடவையில் மணமேடை ஏறும் பெண்கள் நம் இயக்கக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள்.

உடை மீதான கோபம் ஓய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது வளைகுடாவில் சம்பாதித்து வாங்கிய பொருள்களைத் தேடித் தேடி உடைத்தது. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் உள்ளிட்ட மூன்று குடியிருப்புகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. பின்னணியில் ஒரு கல்யாணம். அந்த நாட்களில்தான் பா.ம.க. நிறுவனர் இராமதாஸ் ஜீன்ஸ், டி சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுத் தலித் இளைஞர்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 'முழங்காலுக்குக் கீழே துணி கூடாது' என்ற 1930இன் வரியை ஜீன்ஸுக்கு மாற்றி எழுதினால் இப்படித்தான் வரும். 2018இல் உத்தரப் பிரதேசம் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு தலித் மாப்பிள்ளை, மணப்பெண்ணின் ஊர்ப் பொதுவழியில் குதிரை வண்டியில் ஊர்வலம் போக மாதக்கணக்கில் அதிகாரிகளையும் நீதிமன்றத்தையும் அலைந்து, கடைசியில் போலீஸ் படை சூழப் போனார். ராஜஸ்தானின் பூந்தி மாவட்டத்தில் 2022இல் போலீசே 'ஆபரேஷன் சமான்தா' என்று பெயர் வைத்துத் தலித் மாப்பிள்ளைகளைக் குதிரை ஏற்ற வேண்டியிருந்தது.

எனவே கல்யாண வேலையில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஊர்வலத்தையோ மேளத்தையோ உடையையோ யாராவது தடுத்தால், பேசித் தீர்க்கலாம் என்று ஸ்டேஷனில் உட்காரவைத்தால், புகாரில் 3(1)(இசட்.ஏ) பிரிவைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. முதல் தகவல் அறிக்கைக்கு முன் விசாரணை தேவை என்று சொன்னால் 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவைக் காட்டுங்கள், தேவையில்லை என்று அதில் இருக்கிறது. புலன்விசாரணை செய்பவர் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். புகாரை வாங்காத அதிகாரி பட்டியலினத்தவர் அல்லாதவரானால் 4ஆம் பிரிவில் அவர் மீதே வழக்கு உண்டு.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், இந்த விடுமுறையில் உட்கார்ந்து கேளுங்கள். கல்யாணப் புடவை எந்த ஊரில் எடுத்தது, என்ன நிறம், யார் பணம், கடனா கூலியா. ரவிக்கை யார் தைத்தது. துணி வெளுத்தது யார். மேளம் இருந்ததா. ஊர்வலம் எந்தத் தெருவரை போனது, எங்கே நிறுத்தினார்கள், நிறுத்தியவர் பெயர் ஞாபகமிருக்கிறதா. ஆண்டு தெரியாவிட்டால் புயலையோ தேர்தலையோ வைத்துக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் புடவை இன்னும் பெட்டியில் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கரை தெளிவாகத் தெரியும்படி.